தரையிலே வழி தவறினால்...

மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்

வானத்தில் பறக்கும்போதுதான் விமானத்துக்கு ஆபத்து. தரையைத் தொட்டுவிட்டால் அப்புறம் அது ஒரு பெரிய பேருந்துதானே என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். நான் விமானத்தில் ஏறியவன் இல்லை. அண்ணாந்து பார்த்தவன், அவ்வளவே. 2024-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் டோக்கியோ நகரின் ஹனேடா விமான நிலையத்தில் நடந்த விபத்தின் படத்தை ஒருநாள் விடுதியில் நண்பர்களோடு பார்த்தபோதுதான் அந்த எண்ணம் ஆட்டங்கண்டது. முதல் நாள் நடந்த நிலநடுக்கத்தில் துன்புற்றவர்களுக்கு உதவிப் பொருள் கொண்டு செல்லப் புறப்பட்ட கடலோரக் காவற்படை விமானம் ஒன்று ஓடுபாதையில் ஏறி நின்றது. 379 பேருடன் இறங்கி வந்த பயணிகள் விமானம் அதன்மேல் மோதியது. பயணிகள் விமானத்தில் இருந்த அத்தனை பேரும் உயிர் தப்பினர். காவற்படை விமானத்தில் இருந்த அறுவரில் ஐவர் மாண்டனர்.

படம் முடிந்ததும் அறை நண்பன் ஒருவன் சொன்னான்: "இவ்வளவு பெரிய ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாதா? கண்ணைத் திறந்து ஓட்டியிருந்தால் நடந்திருக்குமா?" மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் உள்ளுக்குள் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. பல்லாயிரம் மணி நேரம் பறந்த விமானி, பட்டப்பகலில் நாம் கல்லூரிக்கு வருவதுபோல, தரையில் பத்து நிமிடம் ஊர்ந்து போக வேண்டிய தூரத்தில் எப்படி வழி தவறுகிறார்? இதைத் தேடிப் படித்தேன். படித்ததன் பயனாய் எனக்குத் தோன்றிய கருத்தையே இங்கே எழுதுகிறேன். பேராசிரியப் பெருமக்களும் நண்பர்களும் மறுப்பு இருந்தால் தாராளமாகச் சொல்லலாம்.

முதலில் விமான நிலையத்தின் தரையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். விமானம் ஓடிக் கிளம்புவதும் இறங்குவதும் ஓடுபாதையில். பயணிகள் ஏறும் இடத்திலிருந்து அந்த ஓடுபாதைக்குப் போகும் கிளைப் பாதைகளை டாக்சி பாதை என்கிறார்கள். இவை ஒன்றிரண்டு அல்ல; பெரிய நிலையங்களில் வலைபோல் பின்னிக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆங்கில எழுத்தால் ஆன பெயர் உண்டு. வானொலியில் எழுத்து தவறாகக் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக 'ஏ' என்பதை ஆல்ஃபா என்றும், 'பி' என்பதைப் பிராவோ என்றும், 'ஓ' என்பதை ஆஸ்கார் என்றும் சொல்வார்கள். ஓடுபாதைக்கோ எண்தான் பெயர். காந்த வட திசையிலிருந்து அது எத்தனை பாகை திரும்பி இருக்கிறதோ, அதைப் பத்தால் வகுத்து வரும் எண் அது. ஏறத்தாழ 30 பாகை நோக்கி ஓடினால் அது 3. அதே பாதையில் எதிர்த்திசையில் ஓடினால் 210 பாகை, எனவே 21. ஆக, ஒரே தரைக்கு இரண்டு பெயர்! அதுபோல் இணையாக மூன்று பாதைகள் இருந்துவிட்டால் இடது, நடு, வலது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இயற்பியல் படிக்கும் எனக்கே இதை ஒருமுறை தாளில் வரைந்து பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

ஓடுபாதையின் வாயிலில் மஞ்சள் நிறத்தில் நான்கு கோடுகள் இருக்கும். இரண்டு முழுக் கோடுகள், இரண்டு விட்டு விட்டுப் போட்ட கோடுகள். முழுக் கோட்டுப் பக்கத்திலிருந்து வருபவர் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதியின்றி அதைத் தாண்டவே கூடாது. டாக்சி பாதையின் ஓரத்தில் நீல விளக்கு. ஓடுபாதையின் ஓரத்தில் வெள்ளை விளக்கு. இவ்வளவு இருந்தும் ஏன் தவறு நேர்கிறது என்று கேட்கலாம். விமானி அறையில் இருப்பவர்கள் இருவர். ஒருவர் விமானத்தைத் திருப்புகிறார். மற்றவர் வரைபடத்தைப் பார்க்கிறார், கோபுரத்தோடு பேசுகிறார், புறப்பாட்டுக்கு முன் சரிபார்க்க வேண்டிய பட்டியலையும் படிக்கிறார். வானொலியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் ஒரே சமயம் பேசினால் இருவர் பேச்சும் கெடும். இதன் நடுவே மூடுபனி இறங்கிவிட்டால்? பலகை தெரியாது, கோடு தெரியாது, கோபுரத்தில் இருப்பவருக்கு விமானமே தெரியாது. கண் தெரியாத ஒருவர் கண் தெரியாத இன்னொருவருக்கு வழி சொல்லும் நிலைதான் அது. வழி தவறிவிட்டது என்று தெரிந்த பின்னும் பெரிய விமானம் பொதுவாகத் தானே பின்னோக்கி வர இயலாது. இருந்த இடத்தில் திரும்பவும் இடம் இராது.

இப்படிப்பட்ட ஒரு பிற்பகலில், 1990-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் கருத்துக்கு அடிப்படையே அதுதான்.

நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் டிசி-9 விமானம் ஒன்று, 40 பயணிகளோடும் நான்கு பணியாளர்களோடும் பிட்ஸ்பர்க் நகருக்குப் புறப்படத் தயாரானது. கடும் மூடுபனி. தலைமை விமானி உடல்நலக் குறைவால் பல ஆண்டுகள் விடுப்பில் இருந்துவிட்டு அண்மையில்தான் பணிக்குத் திரும்பியவர். துணை விமானி நிறுவனத்துக்குப் புதியவர். விமானப்படையில் பணியாற்றியவர், அந்த அனுபவத்தை உள்ளதற்கு மேலாகவே தலைவரிடம் சொல்லிக்கொண்டார். டெட்ராய்ட் நிலையம் தமக்குப் பழக்கம் என்ற எண்ணத்தையும் ஏற்படுத்தினார். தலைவர் மகிழ்ந்து போயிருக்க வேண்டும். பழக்கமில்லாத ஊரில் வழி தெரிந்த துணை கிடைத்தால் யாருக்குத்தான் ஆறுதல் இராது? வழி காட்டும் பொறுப்பை மெல்ல மெல்லத் துணைவரிடம் விட்டுவிட்டார்.

ஆஸ்கார்-6 என்ற திருப்பத்தில் அவர்கள் திரும்பியிருக்க வேண்டும், அதைத் தவறவிட்டார்கள். கோபுரம் வேறு வழி சொன்னது. பல பாதைகள் கூடும் குழப்பமான ஓரிடத்தில் மறுபடியும் தவறினார்கள். தலைவர் கேட்கிறார், துணைவர் சொல்கிறார், சொல்பவருக்கும் உறுதியில்லை. ஆனால் உறுதியில்லை என்ற சொல் மட்டும் வரவில்லை. நின்றிருக்கலாம். நின்று, "நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று எங்களுக்குத் தெரியவில்லை" என்று கோபுரத்துக்கு ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல நேரம் இருந்தது. மனம் வரவில்லை. விமானம் ஊர்ந்துகொண்டே போனது. கடைசியில் அவர்கள் நின்ற இடம் ஓடுபாதை. 3 நடு என்றும், எதிர்த்திசையில் 21 நடு என்றும் பெயர் கொண்ட அதே ஓடுபாதை. அவர்கள் அதைக் கண்டுகொண்டு கோபுரத்துக்குச் சொன்னபோது நேரம் கடந்துவிட்டது. தரைப் போக்குவரத்தைக் கவனிக்கும் கட்டுப்பாட்டாளருக்கு ஐயம் எழுந்து, அது புறப்பாட்டைக் கவனிக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கு எட்டுவதற்குள், அதே நிறுவனத்தின் போயிங் 727 ஒன்று 146 பயணிகளோடு பனிக்குள்ளிருந்து பாய்ந்து வந்தது. அதன் இறக்கை டிசி-9-இன் வலப் பக்கத்தைக் கிழித்தது. 727 பத்திரமாக நின்றது. அதில் யாருக்கும் காயமில்லை. டிசி-9 தீப்பற்றி எரிந்தது. எட்டுப் பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர் பணிப்பெண். வால் பகுதியில் இருந்த அவசர வழியின் திறப்பு பழுதாகியிருந்ததால், வெளியேற அங்கே போன அவரும் ஒரு பயணியும் புகையில் மாண்டனர்.

விசாரணை செய்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணத்தைச் சொன்ன விதம் நாம் கவனிக்கத்தக்கது. வழி தவறியதையே முதற் குற்றமாக அது எழுதவில்லை. தலைவரும் துணைவரும் ஏறக்குறைய இடம் மாறிவிட்டார்கள், அதனால் விமானத்தை நிறுத்தவும், எங்கே இருக்கிறோம் என்ற ஐயத்தைக் காலத்தில் கோபுரத்துக்குத் தெரிவிக்கவும் தவறினார்கள் என்று எழுதியது. கோபுரத்தில் இருந்தவர்கள் குழப்பமான வழி சொன்னதையும், அந்தப் பனியில் அடுத்த திருப்பம், அதற்கடுத்த திருப்பம் என்று படிப்படியாக வழிநடத்தாததையும், பார்வைத் தூரத்தைச் சரியாகக் கணிக்காததையும், தரைக்கோடுகளும் பலகைகளும் விளக்குகளும் குறையாக இருந்ததையும், விமானிகளுக்குக் கூடிப் பணிபுரியும் பயிற்சியை நிறுவனம் போதிய அளவு தராததையும் சேர்த்தே எழுதியது. இத்தனை பேருடைய குறையும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் வந்து கூடியது.

எங்கள் அறை நண்பன் கேட்ட கேள்விக்கு வருவோம். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்கள், நண்பா! வாய்தான் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை?

இதற்கு விடை தேட டெட்ராய்ட் வரை போக வேண்டியதில்லை. நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், என் வகுப்பு என்று நினைத்து ஓர் அறையில் நுழைந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது, அது இரண்டாமாண்டு வேதியியல் வகுப்பு என்று. எழுந்து, "ஐயா, தவறி வந்துவிட்டேன்" என்றால் முடிந்தது. ஆனால் நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்களே! மணி அடிக்கும்வரை ஒன்றும் புரியாமல் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். என் தவறால் யாருக்கும் கேடு இல்லை. ஒரு மணி நேரம் போனது, அவ்வளவே. ஆயினும் அன்று என்னை இருக்கையோடு கட்டிப்போட்டது எதுவோ, அதுவே அந்தத் துணை விமானியின் நாவையும் கட்டிப்போட்டது என்று நான் நம்புகிறேன். தெரியும் என்று ஒருமுறை சொல்லிவிட்டவன், தெரியவில்லை என்று மறுமுறை சொல்வது எவ்வளவு கடினம்!

விமானத் துறையில் இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. பழக்கமில்லாத நிலையத்தில் படிப்படியாக வழி சொல்லும்படி எந்த விமானியும் கோபுரத்தைக் கேட்கலாம். கேட்பது உரிமை. நிலையங்களின் வரைபடத்தில், முன்பு பலர் தவறிய அல்லது தவறக்கூடிய இடங்களை வட்டமிட்டே காட்டியிருப்பார்கள். எனக்கு இந்த வட்டங்கள் மிகவும் பிடித்திருக்கின்றன. 'இங்கே உனக்கு முன் வந்தவர்களும் திகைத்தார்கள், நீ திகைத்தால் வெட்கப்படாதே' என்று ஒரு வரைபடமே சொல்வதாக எனக்குத் தோன்றுகிறது.

சிலர் சொல்லலாம்: மனிதனை நம்பித்தானே இந்த வம்பு, கருவியை வைத்துவிட்டால் போயிற்று என்று. கருவி வேண்டும், மறுக்கவில்லை. ஓடுபாதையில் வேறு விமானம் இருந்தால் தானாகவே சிவப்பு ஒளி காட்டும் விளக்குகள் பல நிலையங்களில் வந்துவிட்டன. தரையில் இருக்கும் விமானங்களைக் காட்டும் ராடாரும் வந்துவிட்டது. ஆனால் கருவி இருக்க வேண்டிய நாளில் இருக்க வேண்டுமே! 2001-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் இத்தாலியின் மிலான் நகரில், லினாட்டே நிலையத்தில், மூடுபனியில் ஒரு சிறிய செஸ்னா விமானம் ஆர்-5 என்ற பாதைக்குப் பதிலாக ஆர்-6 என்ற பாதையில் திரும்பி ஓடுபாதைக்குள் போய்விட்டது. புறப்பட்டுக்கொண்டிருந்த ஸ்காண்டிநேவியப் பயணிகள் விமானம் அதில் மோதி, 118 பேர் இறந்தனர். அந்த நாளில் அங்கே தரை ராடார் இயங்கவில்லை. பழையதை நிறுத்திவிட்டார்கள், புதியது பயன்பாட்டுக்கு வரவில்லை. இன்னும் ஒன்று: செஸ்னா விமானி தாம் எஸ்-4 என்ற குறியீட்டை அடைந்ததாகக் கோபுரத்துக்குச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அப்படியொரு குறியீடு தரையில் இருப்பதே கேட்டவருக்குத் தெரியாது! ஐயம் வந்த இடத்தில் "அது எங்கே இருக்கிறது?" என்று அவர் கேட்டிருந்தால்... சொல்ல வேண்டியவர் சொன்னார். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. டெட்ராய்ட்டில் விமானி அறையில் நடந்தது மிலானில் கோபுரத்தில் நடந்தது.

சரி, தவறு செய்தவர்களைத் தண்டிக்கவே கூடாதா? எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இக்கட்டுரையைப் பற்றிப் பேசியபோது அவர் இதைத்தான் கேட்டார். "தவறு செய்தாலும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துவிட்டால் எவன் அஞ்சுவான்? அச்சம் இல்லாத இடத்தில் ஒழுங்கு எப்படி இருக்கும்?" நியாயமான கேள்வி. இதற்கு 1976-ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் நடந்துவரும் ஓர் ஏற்பாட்டை விடையாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். விமானியோ கட்டுப்பாட்டாளரோ, தாம் அறியாமல் செய்த தவற்றைப் பத்து நாளுக்குள் நாசா நிறுவனத்துக்கு எழுதி அனுப்பலாம். விமானத் துறையை மேற்பார்க்கும் அரசு அலுவலகத்துக்கு அல்லாமல், உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் இல்லாத நாசாவுக்கு! அங்கே எழுதியவரின் பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, நடந்ததை மட்டும் தொகுத்து எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். அப்படி எழுதியவருக்கு அந்தத் தவற்றுக்கான தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. வேண்டுமென்றே செய்ததற்கும், குற்றச் செயலுக்கும், விபத்துக்கும் இந்தச் சலுகை இல்லை. எனவே பேராசிரியர் அஞ்சிய கட்டவிழ்ப்பு அங்கே இல்லை. மாறாக, இலட்சக்கணக்கான அறிக்கைகள் வந்து குவிந்திருக்கின்றன. எந்த நிலையத்தில் எந்தத் திருப்பத்தில் விமானிகள் திகைக்கிறார்கள் என்பதை, யாரும் சாவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடிகிறது. தண்டனைக்கு அஞ்சி ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இதில் ஒரு வரியாவது வெளிவந்திருக்குமா?

நம்முடைய ஆய்வுக்கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கால்வனோமீட்டரின் முள் வளைந்துவிட்டால் உடைத்தவன் பணம் கட்ட வேண்டும். முறைதான். ஆனால் நடப்பது என்ன? அதைச் சத்தமில்லாமல் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறோம். அடுத்த வாரம் வேறொரு குழு அதை எடுத்து, தப்பான அளவீட்டைக் குறித்துக்கொண்டு, கணக்கு ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்கிறது. செய்தவன் யார் என்று தேடும்வரை எந்தக் கருவி கெட்டது என்பது தெரியப்போவதில்லை. பெயர் எழுதாமல் கருவியின் எண்ணையும் கோளாற்றையும் மட்டும் குறிக்க ஓர் ஏட்டை ஆய்வுக்கூட வாயிலில் தொங்கவிட்டால் என்ன என்று துறைத்தலைவர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இதை எழுதியதற்காக அந்த முள்ளை வளைத்தவன் நான்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்!

தெரியவில்லை என்று சொல்வது ஒரு துணிவு என்றால், தெரியவில்லை என்று சொன்னவனின் பேச்சுக்குச் செவி கொடுப்பது இன்னொரு துணிவு. 1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ ஜெட் விமானங்கள் மூடுபனியில் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்ததை நம் பேராசிரியர்களில் சிலர் அந்நாளைய செய்தித்தாளில் படித்திருக்கலாம். ஓடுபாதையிலேயே ஊர்ந்து வந்த பான் ஆம் விமானம் தான் விலக வேண்டிய மூன்றாவது திருப்பத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. எதிரே கேஎல்எம் விமானம் புறப்பாட்டு அனுமதி பெறாமலே ஓடத் தொடங்கியது. அந்த விமானத்தின் பொறியாளருக்கு ஐயம் வந்தது; அந்தப் பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்கவும் கேட்டார். தலைமை விமானி அந்நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர், பெரும் புகழ் உடையவர். விலகிவிட்டது என்று உறுதியாகச் சொன்னார். கேட்டவர் அதற்குமேல் கேட்கவில்லை. அந்த ஐயத்துக்கு மதிப்புக் கொடுத்து விமானத்தை நிறுத்தியிருந்தால், 583 பேரில் பெரும்பாலோர் அன்று மாலை உணவு உண்டிருப்பார்கள். இளையவர் ஐயத்தைச் சொல்லவும் மூத்தவர் அதைக் கேட்கவும் விமானிகளைப் பழக்க வேண்டும் என்ற பயிற்சி முறை பிறகுதான் உருவாயிற்று. டெட்ராய்ட் விமானிகளுக்குப் போதிய அளவு கிடைக்காமல் போனதும் அந்தப் பயிற்சிதான்.

இத்தனை சாவுகளைச் சொல்லிவிட்டேன். யாரும் சாகாத ஒரு நிகழ்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். சாவு இல்லாததால் இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கோ இதுவே மற்றெல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

1999-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகர விமான நிலையம். மூடுபனி. யுனைடெட் நிறுவனத்தின் போயிங் 757 ஒன்று பத்திரமாக இறங்கி, பயணிகளை இறக்கும் இடத்துக்கு ஊர்ந்து செல்லும்போது தவறான பாதையில் திரும்பி, தான் இறங்கிய ஓடுபாதைக்கே மீண்டும் வந்துவிட்டது. விமானிகள் குழம்பிப் போனார்கள். ஆனால் வாயை மூடிக்கொள்ளவில்லை. தாங்கள் ஓடுபாதை அருகே இருப்பதாகக் கோபுரத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சரக்கு ஏற்றிய ஃபெட்எக்ஸ் 727 விமானம் ஒன்று அதே ஓடுபாதையில் அவர்களுக்கு மிக அருகே இடி இடித்ததுபோல் பாய்ந்து மேலேறியது. விமானம் ஒன்று இப்போதுதான் இங்கே புறப்பட்டுப் போனது என்றும் சொன்னார்கள். கோபுரத்தில் இருந்த கட்டுப்பாட்டாளரால் பனியில் எதையும் பார்க்க இயலவில்லை. அவர்கள் பயன்பாட்டில் இல்லாத வேறோர் ஓடுபாதையில் நிற்பதாக அவர் மனத்தில் ஒரு படம் பதிந்துவிட்டது. அவர்கள் சொன்னதை அந்தப் படத்துக்குள் பொருத்திப் பார்த்தாரே தவிர, படம் தவறாக இருக்கலாம் என்று எண்ணவில்லை. நான் அவரைப் பழிக்க மாட்டேன்; அவர் இருக்கையில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேனோ என்னவோ. ஆனால் அந்த நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்க வேண்டும். அவர் நிறுத்தவில்லை. வரிசையில் அடுத்ததாக நின்ற யுஎஸ் ஏர்வேஸ் விமானத்துக்குப் புறப்பட அனுமதி கொடுத்துவிட்டார்.

அந்த விமானத்தின் விமானிகள் இவ்வளவு பேச்சையும் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். பனிக்குள் அவர்களாலும் ஒன்றையும் பார்க்க முடியாது. யுனைடெட் எங்கே நிற்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது. கோபுரமோ, அது வேறிடத்தில் நிற்கிறது, நீங்கள் போகலாம் என்கிறது. பின்னால் நூற்றுக்கணக்கான காதுகள் இல்லை. அந்த இரவில் அந்த அலைவரிசையில் சில விமானிகளும் ஒரு கட்டுப்பாட்டாளருமே இருந்தார்கள். அனுமதி கிடைத்துவிட்டது, பொறுப்பு கோபுரத்தின் தலையில். ஓடியிருந்தால் யாரும் அவர்களைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது, உயிரோடு இருந்திருந்தால்.

அவர்கள் மறுத்துவிட்டார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்பது தெளிவாகும்வரை நாங்கள் ஓடுபாதையில் ஏறமாட்டோம் என்று சொல்லி, நின்ற இடத்திலேயே நின்றார்கள். யுனைடெட் விமானம் பனிக்குள் தட்டுத்தடுமாறி வழி கண்டுபிடித்து, பயணிகளை இறக்கும் இடத்தைச் சேர்ந்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்த பிறகே அந்த விமானம் ஓடுபாதைக்குள் நுழைந்தது.